முதன்முதலாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா?



திருநெல்வேலி டவுணில் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி, பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தார். வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பிய பணம், பெருநாள் காசு, உம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்தது எல்லாம் அதில் போயிருந்தது. மதர்போர்டும் பிராசஸரும் சென்னை ரிச்சி தெருவில் உறவினர் ஒருவர் மூலம் வாங்கியவை. கேபினெட் ஜங்ஷனில் வாங்கியது. மற்றவை ஆன்லைனில் வந்தவை. இஷாவுக்குப் பிறகு எல்லாவற்றையும் பூட்டி முடித்து, பிஸ்மி சொல்லி பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. காற்றாடி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை.

மறுநாள் காலையில் அந்த உம்மா நமக்குப் போன் செய்தார்கள். "ஹஜ்ரத், பிள்ளை ராத்திரியிலிருந்து சோறு திங்கல. கண்ணு பட்டிருக்குமோன்னு பயமா இருக்கு. கொஞ்சம் தண்ணி ஓதித் தாங்களேன்" என்றார்கள். ஓதலாம், அதில் தவறில்லை, ஆனால் தண்ணீரை மட்டும் அந்தப் பெட்டி பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போனோம்.

இப்போது நமது பிள்ளைகள் பலர் இப்படி அசெம்பிள் செய்கிறார்கள். படிப்புக்கு, வீடியோ எடிட்டிங்குக்கு, விளையாட்டுக்கும்தான். முதல் முறை ஆன் ஆகாமல் போவது மிகச் சாதாரணம். பெரும்பாலான நேரம் எந்தப் பாகமும் கெட்டிருக்காது, ஏதோ ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருக்கும். அதைத் தெரியாமல் "ஐம்பதாயிரம் போச்சு" என்று வீட்டில் சண்டையும், பிள்ளைக்கு ஏச்சும், கடைக்காரரோடு தகராறும் நடக்கின்றன. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் அந்தப் பெட்டி முழுவதையும் 'சிபியு' என்கிறோம். உண்மையில் சிபியு என்பது உள்ளே இருக்கும் பிராசஸர் என்ற சிறிய சில்லு மட்டும். பெட்டி கேபினெட். வீட்டு மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ். கடையில் போய் "சிபியு போச்சு" என்றால் அவர் வேறு எதையோ புரிந்துகொள்வார்.

காரணத்தைத் தேடும் முறை

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு 'ஸப்ர், தக்ஸீம்' என்ற முறை தெரியும். ஒரு சட்டத்துக்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றை எல்லாம் முதலில் வரிசைப்படுத்துவார்கள். பிறகு பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். மது ஏன் ஹராம்? திராட்சையில் செய்ததாலா? திராட்சைச் சாறு ஹலால் ஆயிற்றே, ஆக அது இல்லை. நிறமா? அந்த நிறத்தில் ஹலாலான பானங்கள் எத்தனையோ உண்டு. திரவம் என்பதாலா? அதுவும் இல்லை. கடைசியில் மிஞ்சுவது போதை. இதற்குத் துணையாக 'தவரான்' என்று இன்னொன்று உண்டு. காரணம் வந்தால் சட்டம் வருகிறதா, காரணம் போனால் சட்டமும் போகிறதா என்று பார்ப்பது. சாறு மதுவானால் ஹராம், அதே மது தானாக வினிகராகிவிட்டால் ஹலால்.

ஆன் ஆகாத கம்ப்யூட்டரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதால் சரியானால், பழையபடி வைத்துப் பார்த்துக் கோளாறு திரும்ப வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும் (ஷார்ட், புகை, கருகல் வாசனை சம்பந்தப்பட்டவற்றில் இந்தச் சோதனை வேண்டாம்). நான்கு ஒயரைப் பிடுங்கி, ராமை மாற்றி, பேட்டரியைக் கழற்றி எல்லாம் ஒரே நேரத்தில் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதல் கேள்வி இதுதான்: பட்டனை அழுத்தும்போது சரியாக என்ன நடக்கிறது? அசைவே இல்லையா, காற்றாடி அரை நொடி சுற்றி நின்றுவிடுகிறதா, அல்லது எல்லாம் சுற்றியும் திரையில் படம் வரவில்லையா? இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். மூன்றையும் "ஆன் ஆகல" என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

அசைவே இல்லை என்றால் பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். அதே பாயிண்டில் ஒரு போன் சார்ஜரைச் செருகினால் வேலை செய்கிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எதுவும் நடுவில் இல்லாமல் நேரடியாகச் சுவரில் செருகிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு உள்ள பக்கம் ஆன், வட்டம் உள்ள பக்கம் ஆஃப். இதை மறந்துவிட்டு இரண்டு நாள் அழுதவர்களை நமக்குத் தெரியும். பவர் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸில் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும், புதிய ஒயர் இறுக்கமாக இருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் 115, 230 என்று ஒரு சிவப்பு மாற்றியும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் வீட்டில் போட்டால் வெடிச்சத்தம் கேட்கும்.

டவுணின் பழைய வீடுகளில் எர்த் ஒரு பிரச்சினை. மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உள்ளன. எர்த் இல்லாதபோது அவற்றின் வழியாகக் கசியும் மின்சாரம் கேபினெட்டின் இரும்பில் ஏறி நிற்கும். தொட்டால் சுரீர் என்று இருக்கும். "லேசாத்தான் ஷாக் அடிக்குது" என்று விட்டுவிடக் கூடாது. கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்கு எர்த் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பிள்ளை வெறுங்காலோடு உட்கார்ந்து அதைத் தொடப் போகிறார். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரிபார்ப்பது கம்ப்யூட்டர் வாங்கும் செலவில் சேர வேண்டியது. பூட்டிய உடனே வீட்டின் ஆர்சிசிபி விழுகிறது என்றாலும் அவரைத்தான் அழைக்க வேண்டும், அதை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டு முயலக் கூடாது.

யுபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டருக்கு அது போதாது. கரண்ட் போகும் நொடியில் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைகிறது என்றால் முதலில் யுபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா?

இன்று நாம் பயன்படுத்தும் ஏடிஎக்ஸ் அமைப்பை இன்டெல் நிறுவனம் 1995இல் கொண்டுவந்தது. அதற்கு முன் முன்பக்கப் பட்டன் நேரடியாக வீட்டு மின்சாரத்தையே திறந்து மூடியது. ஏடிஎக்ஸில் அப்படி இல்லை. பிளக் செருகி, பின் சுவிட்சைப் போட்டதுமே எஸ்எம்பிஎஸ் ஒரு சிறிய 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் 'இனி முழுதாகத் தா' என்று கேட்கும். அந்தக் கேள்வி போகும் வழி பச்சை ஒயர். 24 பின் கனெக்டரில் 16ஆவது பின். காத்திருக்கும் 5 வோல்ட் வருவது ஊதா ஒயரில், 9ஆவது பின். எல்லாம் சரி என்று எஸ்எம்பிஎஸ் திருப்பிச் சொல்வது சாம்பல் ஒயரில், 8ஆவது பின்.

இதனால் ஒரு பயன் உண்டு. பல மதர்போர்டுகளில் பட்டனை அழுத்தாமலே ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்தால் சுவர், ஒயர், பின் சுவிட்ச், காத்திருக்கும் மின்சாரம் நான்கும் சரி. சந்தேகத்தின் பாதியைத் தள்ளியாயிற்று. நமது தம்பியின் போர்டில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி அவர் இருந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை.

விளக்கும் எரியவில்லை என்றால் 24 பின் கனெக்டரைப் பாருங்கள். அது 'டிக்' என்று கொக்கி விழும்வரை அழுந்த வேண்டும். பிள்ளைகள் போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். ஒரு கையால் போர்டின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் நேராக அழுத்தினால் போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா ஒயரையும் போர்டிலிருந்தும் மற்ற பாகங்களிலிருந்தும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரின் ஓட்டையையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் ஓட்டையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். கையை எடுத்துவிட்டுப் பிறகு பிளக்கைச் செருகி, பின் சுவிட்சைப் போடுங்கள். காற்றாடி சுற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது. சில புதிய எஸ்எம்பிஎஸ்கள் சூடாகும்வரை தங்கள் காற்றாடியைச் சுற்றவிடாது. அதனால் கேபினெட் காற்றாடி ஒன்றையும் இணைத்துப் பார்ப்பது நல்லது. இப்போது வருபவற்றில் எல்லா ஒயரும் கறுப்பு. அப்போது நிறத்தை நம்பாமல் கையேட்டின் படத்தைப் பார்த்து 16ஆவது பின்னைக் கண்டுபிடியுங்கள். படம் புரியவில்லை என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள், கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். மல்டிமீட்டர் உள்ளவர்கள் 12 வோல்ட் வரும் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை எந்தக் காரணத்துக்கும் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும். இது உயிர் போகும் விஷயம். அடுத்து, கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வேறு கம்பெனி ஒயரைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோலப் பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் கருகிவிடும்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் பற்றி நமது கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். அதை நம்பி ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளை இணைக்க வேண்டாம். சிக்கனம் செய்ய வேறு இடங்கள் உண்டு, வண்ண விளக்கு எரியும் காற்றாடிகள் முதலில்.

பட்டன் என்ற சின்ன விஷயம்

எஸ்எம்பிஎஸ் சரி, விளக்கு எரிகிறது, ஆனால் பட்டனுக்கு அசைவில்லை. இப்போது சந்தேகம் பட்டனின் மேல். கேபினெட்டின் பட்டனிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் வந்து மதர்போர்டின் கீழ் ஓரத்தில் உள்ள பின்களில் சேரும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எழுத்து எறும்பு அளவில் இருக்கும், இடம் இடுக்காக இருக்கும்.

பெரும்பாலான போர்டுகளில் இந்த இடம் இரண்டு வரிசையாக, ஒன்பது பின்களோடு இருக்கும். பத்தாவது பின் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடத்தை அடையாளமாக வைத்து எண்ணுங்கள். 1, 3 ஹார்ட் டிஸ்க் விளக்கு. 2, 4 பவர் விளக்கு. 5, 7 ரீசெட். 6, 8 பவர் பட்டன். விளக்குகளுக்கு மட்டும்தான் பிளஸ், மைனஸ் உண்டு, மாற்றிப் போட்டால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். பட்டனுக்கு எந்தப் பக்கமும் போடலாம். சில போர்டுகளில் அமைப்பு வேறாக இருக்கும் என்பதால் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். ஒரு பின் தள்ளிச் செருகியிருந்தால் பட்டன் வேலை செய்யாது. நாம் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இதுதான்.

பட்டனே கெட்டதா என்று பார்க்க, அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனுக்குரிய இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பட்டன் செய்வதும் இதையேதான். அங்கே இருப்பது சிறு மின்னழுத்தம், ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன் ஆனால் கோளாறு பட்டனில்தான். ரீசெட் பட்டனின் ஒயரை பவர் பின்னில் மாட்டிவிட்டால் அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம்.

நமது தம்பியின் கம்ப்யூட்டரில் பட்டன் ஒயர் ஒரு பின் தள்ளிச் செருகப்பட்டிருந்தது. சரிசெய்து அழுத்தினோம். காற்றாடிகள் அரை நொடி அசைந்து நின்றன. அந்த உம்மா கதவோரம் நின்று "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அரை நொடி சுற்றி நின்றால்

இது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளமாக இருக்கலாம். எங்கோ ஷார்ட் ஆகிறது, மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது என்று கண்டதும் அது தானாக நிறுத்திவிடும். இந்த நிலையில் திரும்பத் திரும்ப பட்டனை அழுத்தக் கூடாது.

மதர்போர்டு கேபினெட்டின் இரும்புத் தகட்டில் நேராகப் படாமல் சிறு பித்தளைக் கால்களின் மேல் நிற்கும். கால் போடாமல் நேராகத் தகட்டில் முடுக்கினால் ஷார்ட். தேவையில்லாத இடத்தில் கால் இருந்து, அது போர்டின் அடியில் உள்ள ஈயப் புள்ளியைத் தொட்டாலும் ஷார்ட். போர்டில் எத்தனை ஸ்க்ரூ துளையோ, அந்தத் துளைகளுக்கு நேர் கீழே மட்டும்தான் கால் இருக்க வேண்டும். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டு 30.5க்கு 24.4 சென்டிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 24.4க்கு 24.4. இரண்டுக்கும் சில துளைகள் பொது, சில வேறு. கேபினெட் தகட்டில் இரண்டுக்கும் சேர்த்தே ஓட்டை போட்டிருப்பார்கள்.

இதை உறுதி செய்ய நல்ல வழி, போர்டை வெளியே எடுத்துச் சோதிப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டை எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு ஒயர் மட்டும் போதும். கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி எதுவும் வேண்டாம். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் குற்றவாளி கேபினெட். வெளியேயும் ஓடவில்லை என்றால் சந்தேகம் நான்கு பாகங்களாகச் சுருங்கிவிட்டது.

எங்கே வைத்து வேலை செய்கிறோம் என்பதும் முக்கியம். பிளாஸ்டிக் பாய், பாலியஸ்டர் விரிப்பு, சோபா வேண்டாம். நிலை மின்சாரம் சேரும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் இது அதிகம். மரமேசை நல்லது. தரையில்தான் உட்கார வேண்டும் என்றால் பிளாஸ்டிக் பாயைவிடக் கோரைப்பாய் மேல் (பத்தமடையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் பாயை இதற்கு விரிக்க மனம் வராது என்பது வேறு விஷயம்). பாகத்தைத் தொடும் முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

தம்பியின் போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தோம். ஓடியது. கேபினெட்டின் உள்ளே பார்த்தால், ஒன்பது துளை உள்ள ஏடிஎக்ஸ் போர்டுக்குப் பதினொரு கால். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கு உரிய இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தார். "பையில இருந்துச்சு, எல்லாம் போடணும்னு நினைச்சேன் ஹஜ்ரத்" என்றார். அந்த இரண்டையும் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினோம்.

எல்லாம் சுற்றுகிறது, படம் இல்லை

இந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது பிராசஸருக்கான தனி ஒயர். மதர்போர்டின் மேல் ஓரத்தில் எட்டு பின் கனெக்டர் ஒன்று இருக்கும். 24 பின் மட்டும் போதும் என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். நான்கும் நான்குமாகப் பிரிந்திருக்கும் ஒயர்தான் இதற்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிந்தது கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது, இங்கே போடக் கூடாது.

அடுத்தது ராம். இரண்டு பக்கமும் 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். நான்கு இடம் உள்ள போர்டில் ஒரு ராம் மட்டும் போடுவதானால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது இடம். பழைய ராமை ரப்பர் போட்டுத் தேய்ப்பது நம் ஊர்க் கைவைத்தியம். புதிய ராமுக்கு அது தேவையில்லை.

மானிட்டர் ஒயரைக் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. கிராபிக்ஸ் கார்டு வாங்காதவர்கள் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின் 'எஃப்' இருந்தால் அதற்குத் தானாகப் படம் காட்டும் திறன் இல்லை. ஏஎம்டி ரைஸன் 5000 வரிசையில் 'ஜி' இல்லாதவையும் அப்படியே. இவை கொஞ்சம் விலை குறைவு என்று வாங்கிவிட்டு, பாகம் கெட்டது என்று கடையில் சண்டை போடுகிறார்கள்.

போர்டு பழைய சரக்கு, பிராசஸர் அதற்குப் பின் வந்தது என்றால் போர்டின் பயாஸ் அதை அடையாளம் காணாது. பி450 போர்டில் ரைஸன் 5000, எச்610 போர்டில் இன்டெல் 13ஆம் தலைமுறை போடும்போது இது நடக்கும். சில போர்டுகளில் பென் டிரைவ் கொண்டே பயாஸைப் புதுப்பிக்கும் பட்டன் பின்பக்கம் உண்டு. இல்லையென்றால் வாங்கும்போதே கடையில் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

டிடிஆர்5 ராம் போட்ட புதிய போர்டுகள் முதல் முறை ராமைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமை இல்லாமல் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு பத்து நிமிடம் விட்டுவிட்டு, தஸ்பீஹ் ஓதிக்கொண்டு இருக்கலாம்.

பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ, கோளாறு அந்தப் பக்கம். எதுவும் பிடிபடவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டில் உள்ள ரூபாய் நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி (சிஆர்2032, 3 வோல்ட்), சில நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பும். ஆன் ஆகிச் சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் அணைகிறது என்றால் கூலரின் அடியில் உள்ள பாதுகாப்பு ஸ்டிக்கரை உரித்தீர்களா என்று பாருங்கள்.

வளைந்த பின்

தம்பியின் கம்ப்யூட்டரில் அஸருக்குப் பிறகு படம் வந்துவிட்டது. ஆனால் 16 ஜிபி காட்ட வேண்டிய இடத்தில் 8 ஜிபி. இரண்டு ராமில் ஒன்றைக் காணவில்லை. ராமை ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்த்தோம். இரண்டு ராமும் நல்லவை, இரண்டாவது பக்கத்து இடம்தான் எதைப் போட்டாலும் காட்டவில்லை. இதற்கு ஒரு முக்கியக் காரணம், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் பின் வளைந்திருப்பது. அந்தச் சாக்கெட்டில் 1700 பின்கள், முடியைவிடச் சற்றுப் பெரிது. பிராசஸரை எடுத்து, போன் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு பின் சாய்ந்திருந்தது.

தம்பி தலை குனிந்துகொண்டார். "போடும்போது கை வழுக்கிருச்சு ஹஜ்ரத்."

அங்கே இருந்த மாமா ஒருவர் உடனே சொன்னார்: "கடைக்காரருக்கு எப்படித் தெரியப்போகுது? வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லி மாத்திரலாம். வாரண்டிதானே." அவர் கெட்ட மனிதர் அல்ல. கடல் கடந்து மச்சான் சம்பாதித்த காசு என்ற வேதனையில் சொன்னார்.

இதில் மார்க்கத்தின் நிலை தெளிவானது. வாங்கிய பொருளில் விற்றவரிடம் இருந்தபோதே உள்ள குறை பிறகு தெரியவந்தால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஃபிக்ஹில் இதைக் கியாருல் ஐப் என்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்ததும் தாமதமின்றித் திருப்ப வேண்டும். ஹனஃபி மத்ஹபில் உடனடி என்ற நிபந்தனை இல்லை, ஆனால் குறை தெரிந்த பின்னும் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துவது சம்மதமாகக் கருதப்படும். ஆக, ஆன் ஆகாத பொருளை வீட்டில் வைத்து மாதக்கணக்கில் யோசிப்பது எந்த மத்ஹபிலும் நமக்கு நல்லதல்ல. ஆனால் இந்த உரிமை எல்லாம் விற்றவர் கையில் இருந்தபோதே இருந்த குறைக்கு. நம் கையில் வந்த பின் நாம் உண்டாக்கிய குறையை அவர் தலையில் கட்டுவதற்கு அல்ல. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நம் ஆட்கள் அதை எப்போதும் கடைக்காரருக்கு எதிராகவே சொல்கிறோம். வளைந்த பின்னை மறைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது ஈரமான குவியல் நம் கையில் இருக்கிறது.

மறுநாள் தம்பியே போனில் நடந்ததைச் சொல்லி, போர்டைச் சென்னைக்கு அனுப்பினார். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் போட்டு அனுப்பச் சொன்னோம். அது இல்லாமல் போனால் பெரும்பாலும் பரிசீலிக்கவே மாட்டார்கள். வாரண்டி கிடைக்காது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் தன் மெக்கானிக்கை வைத்து லென்ஸுக்கு அடியில் பின்னை நிமிர்த்தி, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. நிமிர்த்தும்போது பின் முறிந்துவிடுவதும் உண்டு.

மறுபக்கமும் உண்டு. குறை உண்மையிலேயே பொருளில் இருந்து, விற்றவர் கை விரித்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் ஜிஎஸ்டி பில் வேண்டும், பில்லில் சீரியல் எண்ணும் இருந்தால் நல்லது. பில் இல்லாமல் ஐந்நூறு ரூபாய் குறைத்து வாங்குவது பிறகு இங்கேதான் வலிக்கும். பார்சல் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

பழைய பாகம் வாங்குபவர்களுக்கும் ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதி மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நனைந்த கம்ப்யூட்டர்கள் பல காய்ந்த பின் ஓடவும் செய்யும். பழைய போர்டு வாங்கும்போது பின்களிலும் ஸ்க்ரூ துளைகளிலும் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருக்கிறதா, இடுக்குகளில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரும் நனைந்தது என்றால் நனைந்தது என்று சொல்லிவிட வேண்டும். எஸ்எம்பிஎஸ் மட்டும் பழையது வேண்டாம்.

போர்டு திரும்பி வந்த அன்று தம்பி தானே பூட்டினார், நாம் போகவில்லை. மஃரிபுக்குப் பிறகு 16 ஜிபி காட்டும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கழற்றிய இரண்டு பித்தளைக் கால்களையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறோம். அவர் தம்பிக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வாங்கும்போது அவை தேவைப்படும்.